முந்தல் சாவடியில் நின்று எண்ணினால்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு போகும் சாலையில் மலை ஏறத் தொடங்கும் இடம் முந்தல். விடிவதற்கு முன்னால் அங்கே போய் நின்று பாருங்கள். ஜீப்புக்குப் பின்னால் ஜீப்பாக வந்துகொண்டே இருக்கும். ஏழெட்டுப் பேர் உட்காரும் வண்டியில் அதைப்போல இரண்டு மடங்கு ஆட்கள். பெரும்பாலும் பெண்கள். மடியில் தூக்குவாளி, சேலைக்கு மேலே போட்டுக்கொள்ள ஒரு பழைய முழுக்கைச் சட்டை. வெயில் ஏறிய பிறகு சாலையின் முகம் மாறும். மதுரை, திண்டுக்கல், சென்னைப் பதிவெண் கார்கள், கூரையில் பைகளைக் கட்டிய வேன்கள், தலைக்கவசத்தில் கேமரா மாட்டிய பைக் பையன்கள்.

ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணினால் சாயங்காலத்துக்குள் ஓர் எண் கையில் இருக்கும். அதற்கு மேலே ‘சுற்றுலாப் பயணிகள்’ என்று தலைப்பு எழுதினீர்களானால் அத்தனையும் வீண். காலை ஜீப்பில் போனவர்கள் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். பொழுது சாய்ந்தால் வீடு. மறுநாள் மறுபடி அதே ஜீப்.

இதற்கு ஐ.நா.வின் சுற்றுலா அமைப்பு ஒரு வரையறை வைத்திருக்கிறது. வழக்கமாகப் புழங்கும் இடத்தை விட்டு வெளியே போக வேண்டும், ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், போன இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது நோக்கமாக இருக்கக் கூடாது. இப்படிப் போகிறவர் ‘வருகையாளர்’. ஓர் இரவாவது தங்கினால் ‘சுற்றுலாப் பயணி’, தங்காவிட்டால் ‘பகல்நேர வருகையாளர்’. ஆக ஜீப் பெண்கள் கணக்கில் வர மாட்டார்கள். சரி, அதே ஜீப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூப்பாறையைத் தாண்டி, வழக்கமாகப் போகாத ஓர் ஊரில் கட்டிக்கொடுத்த அக்காவைப் பார்த்து ஒரு ராத்திரி தங்கிவரப் போகும் பெண்? வரையறைப்படி அவர் சுற்றுலாப் பயணிதான். உறவினர் வீட்டுக்குப் போவதையும் அது சேர்த்துக்கொள்கிறது. திங்கட்கிழமை கூலியாள், ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பயணி. ஆள் அதேதான், வண்டியும் அதேதான். சாவடியில் நின்று எண்ணுகிறவருக்கு இது எப்படித் தெரியும்? வண்டியை நிறுத்தி, “எங்கம்மா போறீங்க?” என்று கேட்டால்தான் தெரியும்.

சுற்றுலா ஆய்வில் இறங்கும் மாணவர்கள் முதல் நாளிலேயே முட்டிக்கொள்ளும் கேள்வி இதற்குள்ளேதான் இருக்கிறது: அளவுசார் ஆய்வா, பண்புசார் ஆய்வா? பாடப்புத்தகத்துக்கு வெளியே இந்தச் சொற்களை யாரும் பேசுவதில்லை. ஒன்று எண்ணிப் பார்ப்பது, மற்றது கேட்டுப் பார்ப்பது. முதல் வகையில் கேள்வித்தாள், வாகனக் கணக்கு, விடுதிப் பதிவேடு, டிக்கெட் விற்பனை எல்லாம் அடங்கும். விடை எண்ணாக வரும். கூட்டலாம், ஒப்பிடலாம், வரைபடம் போடலாம். இரண்டாவதில் மணிக்கணக்கில் ஒருவரோடு பேசுவது, நாலைந்து பேரைக் கூட்டி வைத்துப் பேசவிட்டுக் கேட்பது, கூடவே இருந்து கவனிப்பது, பழைய ஆவணங்களைப் படிப்பது. இங்கே விடை வாக்கியமாக வரும். அதைப் படித்துப் படித்து அதில் திரும்பத் திரும்ப வரும் சங்கதி என்ன என்று பிரித்தெடுக்க வேண்டும்.

எதைத் தேர்வது என்பதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. ஆய்வுக் கேள்வியைத் தமிழில், வீட்டில் பேசுவதுபோல ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். அதில் ‘எத்தனை’, ‘எவ்வளவு’, ‘கூடியதா குறைந்ததா’ என்று வந்தால் எண்ண வேண்டிய வேலை. ‘ஏன்’, ‘எப்படி’, ‘என்னவென்று நினைக்கிறார்கள்’ என்று வந்தால் கேட்க வேண்டிய வேலை. ஒரே வரியில் எழுத வரவில்லை என்றால் எந்த முறையையும் தேர்வதற்கான நேரம் இன்னும் வரவில்லை. பல ஆய்வேடுகள் இந்த இடத்தைத் தாண்டாமலேயே கேள்வித்தாள் அச்சடிக்கப் போய்விடுகின்றன.

போடிக்கு வந்த ரயிலை எடுத்துக்கொள்வோம். மதுரை – போடி மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டது. அகலப் பாதையில் தேனி வரை 2022 மே மாதம் ரயில் வந்தது. போடிக்கு 2023 ஜூன் 15 அன்று வந்தது, சென்னையிலிருந்து நேரடி ரயிலும் சேர்ந்து. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ரயிலே இல்லாத ஊருக்கு ஒரு குறிப்பிட்ட தேதியில் ரயில் வருவது ஆய்வாளருக்கு அதிர்ஷ்டம். முன், பின் என்று கோடு கிழித்த மாதிரி இருக்கும். விடுதிகளில் நிரம்பிய அறைகள், போடிமெட்டு பேருந்தில் ஏறியவர்கள், ஸ்டேஷன் வாசலில் டாக்சி எடுத்தவர்கள் என்று இரண்டு பக்கமும் எண்ணி ஒப்பிடலாம். இது சுத்தமான அளவுசார் வேலை. இதற்கு நூறு பேரிடம் உட்கார்ந்து கதை கேட்டுப் பயனில்லை.

ஆனால் ரயில்வேயின் டிக்கெட் கணக்கு போடியில் இத்தனை பேர் இறங்கினார்கள் என்றுதான் சொல்லும். அவர்களில் சென்னையில் வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்கு வீடு திரும்பியவர் எத்தனை, ஏலக்காய் வியாபாரத்துக்கு வந்தவர் எத்தனை, கொழுக்குமலை சூரிய உதயம் பார்க்க வந்தவர் எத்தனை என்பது டிக்கெட்டில் அச்சாகியிருக்காது.

கொழுக்குமலை என்று சொன்னதும் இன்னொரு சிக்கல் வருகிறது. அந்தத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. ஏறத்தாழ 7,900 அடி உயரம். உலகிலேயே உயரமான தேயிலைத் தோட்டம் என்று விளம்பரம். ஆனால் வண்டி போகும் வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். பயணி மூணாறிலோ சின்னக்கானலிலோ அறை எடுக்கிறார். விடியுமுன் சூரியநெல்லியில் ஜீப் ஏறுகிறார். தமிழ்நாட்டுக்குள் வந்து, தமிழ்நாட்டு மலைகளின் மேலே சூரியன் எழுவதைப் பார்த்து, தேநீர் குடித்துவிட்டு, கேரளத்துக்குத் திரும்பி அங்கேயே சாப்பிட்டுத் தூங்குகிறார். விடுதிப் பதிவேட்டை வைத்து எண்ணினால் இவர் கேரளக் கணக்கு. தேனி மாவட்டத்துக்கு இவர் வந்ததற்குச் சாட்சியே கிடையாது. இந்த ஓட்டையைக் கேள்வித்தாளால் கண்டுபிடிக்க முடியாது. சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் ஒரு காலை நேரம் நின்று ஓட்டுநர்களோடு பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். எங்கே நின்று எண்ண வேண்டும் என்பதைச் சொல்வது பெரும்பாலும் பேச்சுதான்.

எண் பெரிதாக இருந்தால் நம்மை மிரட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். 2019-இல் தமிழ்நாட்டுக்கு உள்நாட்டுச் சுற்றுலா வருகை 49 கோடிக்கு மேல் என்று மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவர நூல் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7.2 கோடி. ஆகவே அது ஆட்களின் எண்ணிக்கை இல்லை, வருகைகளின் எண்ணிக்கை. மதுரை, ராமேசுவரம், பழனி என்று ஒரே குடும்பம் மூன்று ஊருக்குப் போனால் மூன்று இடத்திலும் விழும். எண்ணில் பிழை இல்லை. ஆனால் அது என்னத்தின் எண் என்று கேட்காமல் மேடையில் ‘49 கோடிப் பேர் வந்தார்கள்’ என்று முழங்குவதில் பிழை இருக்கிறது.

நம் மொழிக்குள்ளேயே ஒரு கண்ணி உண்டு. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் ஓர் அம்மாவிடம், “நீங்க சுற்றுலா போயிருக்கீங்களா?” என்று கேளுங்கள். “நமக்கெங்கய்யா டூரு” என்பார். கேள்வித்தாளில் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக். அங்கேயே உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினால் வேறு கதை வரும். பழனிக்குப் பாதயாத்திரை போயிருப்பார். ஆடி அமாவாசைக்குச் சுருளிக்குப் போய்க் குளித்திருப்பார். வீரபாண்டித் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் போவார். மகளிர் குழுவோடு வேன் பிடித்து ராமேசுவரம் போயிருப்பார். அவர் மனசில் ‘டூரு’ என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பணம் உள்ளவர்களும் போவது. தான் போனது கோயிலுக்கு. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அலுவலகம் தன் 72-ஆம் சுற்றில், 2014 ஜூலை முதல் 2015 ஜூன் வரை, உள்நாட்டுச் சுற்றுலாச் செலவைக் கணக்கெடுத்தபோது இந்தக் கண்ணியில் விழவில்லை. வெளியூர் போய் இரவு தங்கிய பயணம் எது, எதற்காக என்று வீடு வீடாகக் கேட்டது. சொந்தபந்தம், கல்யாணம் காட்சி என்று போன பயணங்களே மிகப் பெரும்பான்மை என்று தெரிந்தது. விடுதி வாசலில் நின்று கேட்டிருந்தால் இவர்களில் யாரும் சிக்கியிருக்க மாட்டார்கள். உறவினர் வீட்டுக்குப் போனவர் விடுதிக்கு ஏன் வருகிறார்?

இன்னும் இரண்டு சொற்கள். வந்த நோக்கம் என்ன என்ற கேள்விக்கு ஓய்வு, தொழில், ஆன்மிகம், மருத்துவம் என்று கட்டங்கள் போட்டிருப்பீர்கள். போடிமெட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் நாலு பையன்களிடம் கேட்டால் “சும்மா வந்தோம் சார்” என்பார்கள். ‘சும்மா’வுக்கு எந்தக் கட்டம்? ‘ஓய்வு’ என்று நீங்களே டிக் போட்டுவிடுவீர்கள். அந்தச் சும்மாவுக்குள் தேர்வு முடிந்த கொண்டாட்டம், வேலை கிடைக்காத சலிப்பு, புது பைக்கை மலையில் ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லாம் இருக்கலாம். அடுத்தது ‘பரவாயில்லை’. ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் கொண்டுவந்த அளவுகோலின்படி ‘மிகவும் திருப்தி’ முதல் ‘மிகவும் அதிருப்தி’ வரை ஐந்து படி வைத்திருக்கிறோம். அறை எப்படி இருந்தது என்றால் நம் ஆட்கள் “பரவால்ல” என்பார்கள். சொல்லும் குரலைப் பொறுத்து அது நான்காம் படியாகவும் இருக்கலாம், இரண்டாம் படியாகவும் இருக்கலாம். ஆங்கிலக் கேள்வித்தாளை அப்படியே தமிழாக்கிக் கொண்டுபோகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. பத்துப் பேரிடம் முதலில் வாயால் கேட்டு, அவர்கள் எந்தச் சொல்லில் பதில் சொல்கிறார்கள் என்று பார்த்து, அந்தச் சொற்களாலேயே கட்டங்களை அமைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

ஏ. பரசுராமன் என்ற பெயரை மேலாண்மை மாணவர்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்கா போன அவரும், வலேரி சைத்தமல், லெனார்ட் பெர்ரி இருவரும் சேர்ந்து 1988-இல் உருவாக்கிய ‘சர்வ்குவால்’ என்ற 22 கேள்வி அளவுகோலைத்தான் இன்றைக்கும் நம் விடுதிகளின் சேவைத்தரத்தை அளக்க எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த 22 கேள்வி எங்கிருந்து வந்தது என்று பலர் பார்ப்பதில்லை. 1985-இல் வெளியான அவர்களுடைய முதல் ஆய்வில் கேள்வித்தாளே கிடையாது. நான்கு வகைச் சேவைத் தொழில்களில் பன்னிரண்டு குழுக்களாக வாடிக்கையாளர்களை உட்காரவைத்துப் பேசவிட்டார்கள், மேலாளர்களிடம் நேர்காணல் எடுத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது வங்கி, கடன் அட்டை, பங்குத் தரகு, பழுதுபார்ப்பு. உலகமே அளவுசார் கருவி என்று கொண்டாடும் ஒன்று பிறந்தது பேச்சுக்குள்தான். அதைப் போடிக்குப் பக்கத்து மலைக்கிராமமான குரங்கணியில் ஒரு வீட்டுத் தங்கும் அறைக்குக் கொண்டுபோய், ‘பணியாளர்களின் தோற்றம் நேர்த்தியாக இருந்ததா’ என்று கேட்டால், தோசை ஊற்றிக் கொடுத்த அக்காவைப் பற்றிப் பயணி என்ன சொல்வார்?

எத்தனை பேரிடம் கேட்பது என்ற கேள்வியில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 384 என்ற எண் நம் கல்லூரிகளில் மந்திரம்போல் ஓடுகிறது. 1970-இல் கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் வெளியிட்ட அட்டவணையில், பத்து லட்சம் பேர் கொண்ட கூட்டத்துக்கு 384 பேர் போதும் என்று இருக்கிறது. இதன் பொருள் எளிது. நூறு தடவை இதேபோல் ஆள் பொறுக்கிக் கேட்டால் 95 தடவை உண்மை விகிதம் நம் விடைக்கு ஐந்து புள்ளி மேலேயோ கீழேயோ உள்ளே விழும். மூன்று புள்ளிக்குள் வேண்டுமென்றால் ஆயிரத்துக்கு மேல் கேட்க வேண்டும். கூட்டம் பத்து லட்சமானாலும் ஒரு கோடியானாலும் தேவைப்படும் ஆட்கள் பெரிதாகக் கூடுவதில்லை. இது மாணவர்களுக்கு நம்ப முடியாததாக இருக்கும். சமையல்கட்டில் நின்றவர்களுக்கு இருக்காது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். பானை பெரிதானதற்காக யாரும் கை நிறைய அள்ளிப் பார்ப்பதில்லை.

ஆனால் அந்தப் பழமொழிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. சோறு ஒரே பானையில் வெந்திருக்க வேண்டும், பதம் பார்க்குமுன் கிளறிவிட்டிருக்க வேண்டும். ஆய்வில் அந்தக் கிளறல்தான் எவருக்கும் வாய்ப்புக் கிடைக்கும்படி ஆள் பொறுக்குவது. ஐந்தாவது வண்டி, பத்தாவது வண்டி, பதினைந்தாவது வண்டி என்று முறையாக நிறுத்த வேண்டும். வார நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும், சீசனிலும் மழையிலும் நிற்க வேண்டும். காணும் பொங்கலன்று ஒரே வியூ பாயிண்டில் நின்று, சிரித்த முகமாக இருந்த 384 பேரிடம் தாளை நீட்டினால் 384 என்ற எண் மட்டும்தான் சரியாக இருக்கும். முறையாகப் பொறுக்கிய நூறு பேர் அதைவிட எவ்வளவோ மேல். நம் ஆய்வேடுகளின் பெரிய நோய் இதுதான் என்பது என் கட்சி. கேள்வித்தாள் சுலபம், கூகுள் படிவம் இன்னும் சுலபம், எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் நிமிடத்தில் அட்டவணை கொடுக்கும், வழிகாட்டிக்கும் பக்கம் நிறைந்தால் திருப்தி. அளவுசார் முறையை எடுக்கச் சொன்னது ஆய்வுக் கேள்வி இல்லை. காலக்கெடுதான் அப்படிச் சொன்னது.

பண்புசார் பக்கத்தில் ‘எத்தனை’க்கு வேறு விடை. புதிதாக எதுவும் வராதவரை பேச வேண்டும், வந்ததே வரத் தொடங்கினால் நிறுத்தலாம். இதை நிறைவுநிலை என்பார்கள். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் கானா, நைஜீரியா நாடுகளில் பெண்களிடம் எடுத்த அறுபது நேர்காணல்களை வைத்துப் பார்த்தபோது, முதல் பன்னிரண்டிலேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டிருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பேர் போதும் என்று இறங்கிவிடாதீர்கள். அங்கே ஒரே மாதிரி நிலையில் உள்ளவர்களிடம் ஒரே பொருளைப் பற்றிக் கேட்டார்கள். குரங்கணியில் ஜீப் ஓட்டுநர், முதுவான்குடியைச் சேர்ந்தவர், வனத்துறைக்காரர், தோட்ட முதலாளி, சென்னையிலிருந்து வந்த மென்பொருள் ஊழியர் எல்லாரையும் சேர்த்துப் பன்னிரண்டு என்றால் வகைக்கு இரண்டு மூன்று பேர்தான். பானைகள் வேறு வேறு. ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பதம் பார்க்க வேண்டும்.

கேட்டுப் பார்ப்பது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சின்னக் கற்பனை. 2018-இல் காட்டுத்தீ நடந்த குரங்கணியில் ஒரு ஜீப்காரரிடம் மாணவர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“அண்ணே, தீ விபத்துக்குப் பெறகு ஆள் வர்றது கொறஞ்சிருச்சா?”

“கொறஞ்சிருச்சுன்னும் சொல்ல முடியாது தம்பி. வர்ற ஆளு மாறிப்போச்சு. முன்னாடி பையைத் தூக்கிக்கிட்டு நடக்க வருவாங்க, ரெண்டு நாளு இருப்பாங்க. இப்ப வர்றவங்க போட்டோ எடுத்துட்டு மத்தியானமே கெளம்பிர்றாங்க. நம்ம கடைச்சோறு யாருக்கு வேணும்?”

மாணவர் கேட்டது எண்ணிக்கை. கிடைத்தது வேறு மூன்று சங்கதிகள்: வருகிறவர்களின் வகை, தங்கும் நேரம், உள்ளூர்க் கடைக்குப் போகும் பணம். இவை மூன்றும் அவருடைய கேள்வித்தாளில் இருந்திருக்காது. இனிமேல் அடுத்த ஓட்டுநர் இதையே சொல்கிறாரா என்று பார்க்கலாம். நாலைந்து பேர் சொன்னால், தங்கும் நேரத்தை மணிக்கணக்கில் அளக்கும் கேள்வியைச் சேர்த்து முந்தலில் நின்று முறையாக எண்ணலாம். ஓட்டுநர் சொன்னது பொதுவாக உண்மையா, அல்லது அவருடைய வண்டிக்கு மட்டும் உண்மையா என்று எண் சொல்லும். ஒருவர் வாக்கை மட்டும் வைத்துக்கொண்டு ‘குரங்கணியில் பயணிகள் தங்குவதில்லை’ என்று எழுதிவிடுவது, அச்சடித்த கேள்வித்தாளை நம்புவதைவிட மோசம். அதோடு, கேட்கிறவர் யாரோடு வந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. வனத்துறை ஜீப்பில் வந்து இறங்கும் ஆய்வாளரிடம் மலைக்கிராமத்தில் யார் மனசைத் திறப்பார்கள்? “எல்லாம் நல்லா இருக்கு சார்” என்ற ஒரு வரிதான் கிடைக்கும்.

அந்தத் தீ 2018 மார்ச் 11-இல் நடந்தது. குரங்கணி – கொழுக்குமலைச் சரிவில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர் எண்ணிக்கை நமக்குத் தெரியும். எந்தப் பாதைக்கு அனுமதி, எந்தப் பாதையில் போனார்கள், தீப் பருவத்தில் எப்படிப் போனார்கள், யார் வழிகாட்டினார்கள் என்பதையெல்லாம் அறிய அரசு ஒரு விசாரணை அதிகாரியைத்தான் நியமிக்க வேண்டியிருந்தது. வருவாய்த்துறை முதன்மைச் செயலாளராக இருந்த அதுல்ய மிஸ்ரா ஆட்களைக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார். பெயரை மாற்றிச் சொன்னால் அதுவும் பண்புசார் ஆய்வுதான்.

அந்த 2018-ஐ விட்டுவிடாதீர்கள். முறைத்தேர்வைப் பற்றி இந்த மலை சொல்லும் பெரிய பாடம் அந்த ஆண்டில் இருக்கிறது. அது குறிஞ்சி பூக்கும் ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 2006-க்கு அடுத்து 2018. மூணாறும் கொழுக்குமலையும் கூட்டத்துக்குத் தயாராக இருந்தன. மார்ச்சில் தீ, தமிழ்நாட்டுப் பக்கத்தில் மலையேற்றம் நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் கேரளத்து வெள்ளம். இடுக்கியில் நிலச்சரிவு, மூணாறு சாலைகள் துண்டிப்பு. பூ பூக்கும் மாதமும் அதுவே. பத்தாண்டு வருகைப் புள்ளிகளை வைத்துக் கோடு போடும் ஒருவர் இந்த ஆண்டைப் பார்த்து, ‘குறிஞ்சிக்கு ஈர்ப்பு இல்லை’ என்று முடிவு கட்டினால்? கணினி அவரைத் தடுக்காது. போடியில் ஒரு டீக்கடைக்காரர் தடுத்திருப்பார்.

எண்ணே தலைமை தாங்க வேண்டிய இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அந்த மலைகள் எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயச் சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மும் கேட்டுக்கொள்ளப்பட்டன. 2025 ஏப்ரல் முதல் சீசனுக்குக் கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு வந்தது. இங்கே நீதிமன்றத்துக்கு வேண்டியது எண். சாலையின் அகலம், நிறுத்துமிடம், தண்ணீர், குப்பை எல்லாவற்றையும் அளந்தால்தான் வரம்பு சொல்ல முடியும். யாருடைய வேதனைக் கதையும் 4,000 என்று சொல்லாது. வரம்பு வந்த பிறகு கடைக்காரர்கள் ஏன் எதிர்க்கிறார்கள், உள்ளூர்க்காரர்கள் ஏன் நிம்மதி என்கிறார்கள் என்று பார்க்கும்போது காது மறுபடி வேலைக்கு வரும்.

எண்ணுவதும் கேட்பதும் இரண்டும் வேண்டும் என்பதைப் போடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. காய் வருவதற்கு முன்பே சலித்து, இத்தனை மில்லிமீட்டர் என்று பிரித்திருப்பார்கள். லிட்டர் படியில் நிரப்பி எத்தனை கிராம் என்று பார்ப்பார்கள். நல்ல தடித்த பச்சைக் காய் லிட்டருக்கு 435 கிராம் நிற்க வேண்டும் என்று அக்மார்க் சொல்கிறது. இத்தனையும் எண். பிறகு வியாபாரி மாதிரிக் காயில் ஒன்றை எடுத்து நகத்தால் பிளக்கிறார். உள்ளே அரிசி கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார், மோந்து பார்க்கிறார், ஒன்றை வாயில் போட்டுக் கடிக்கிறார். அதற்குப் பிறகுதான் விலையை அழுத்துகிறார். எடை நிற்காத காயை மோந்து பார்க்க மாட்டார். மோந்து பார்க்காமல் எடையை மட்டும் நம்பிப் பெரிய லாட்டை எடுக்கவும் மாட்டார்.

மூன்று மாதமும் கொஞ்சம் பஸ் செலவுக்குப் பணமும் மட்டும் கையில் உள்ள மாணவர் என்ன செய்யலாம்? முதல் இரண்டு வாரம் முந்தல், குரங்கணி, போடிமெட்டு, சூரியநெல்லி என்று சுற்றிப் பத்துப் பதினைந்து பேரிடம் பேசுங்கள். அன்றன்று இரவே எழுதி வையுங்கள்; மறுநாள் எழுதினால் அவர்கள் சொன்னது போய் நீங்கள் நினைத்ததுதான் தாளில் வரும். அந்தப் பேச்சிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். அது எண்ண வேண்டிய கேள்வி என்றால் சின்னக் கேள்வித்தாள், இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நிற்கும் நாட்களை முன்கூட்டியே குலுக்கிப் போட்டு எடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி என்றால் கேள்வித்தாளை மறந்துவிட்டு, அதே ஆட்களிடம் மறுபடி போங்கள். இரண்டாம் தடவை போகும்போதுதான் “வாங்க தம்பி” என்பார்கள். இரண்டையும் செய்யப் போகிறேன் என்று மூன்று மாதத்தில் இறங்காதீர்கள், இரண்டும் அரைகுறையாகும். ஆள்பலமும் இரண்டு ஆண்டும் இருந்தால் அப்போது செய்யலாம்.

பழைய கணக்குக் கிடைக்குமா என்றும் தேடுங்கள். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் நாற்பது பாதைகளில் குரங்கணி – சாம்பலாறு பாதையும் ஒன்று. எல்லாம் இணையப் பதிவு என்பதால் யார் எந்த நாளில் நடந்தார்கள் என்ற கணக்கு அங்கே இருக்கும். முறைப்படி கேட்டு வாங்கினால் பாதி வேலை மிச்சம்.

குறிஞ்சி அடுத்து பூக்க வேண்டியது 2030-இல். அப்போது தொலைக்காட்சிகள் ‘லட்சக்கணக்கில் கூட்டம்’ என்று சொல்லும். வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல் என்று சொல்ல வேண்டுமானால் பூக்காத ஆண்டுகளின் கணக்கு வேண்டும். அதை இப்போதே, பூ இல்லாத இந்தச் சாதாரண மாதங்களிலேயே, எடுக்கத் தொடங்க வேண்டும். 2006-லும் 2018-லும் மலையில் இருந்தவர்களின் நினைவும் வேண்டும்; அவர்களுக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது. தேனி, மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளில் சுற்றுலா படிக்கும் யாராவது இதை எடுத்துச் செய்யுங்கள். முந்தலுக்குப் போடியிலிருந்து டவுன் பஸ் இருக்கிறது.